கீறல் விழுந்த முதல் வட்டு: பிங்க் ஃபிளாய்டின் முதல் ஆல்பத்தோடு பதினைந்து ஆண்டுகள்

மூன்று வட்டுகள் கொண்ட தொகுப்பு. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் எந்த வட்டோடு வாழ்ந்திருக்கிறேன் என்பது தெரிந்துவிடும். மூன்றாவது கிட்டத்தட்டப் புதிதாகவே இருக்கிறது. இரண்டாவதில் மெல்லிய கோடுகள் சில. முதல் வட்டில்தான் மயிரிழை போன்ற கீறல்கள் நிறைந்திருக்கின்றன. அந்த முதல் வட்டு மோனோ.

ஆங்கிலேய ராக் இசைக் குழுவான பிங்க் ஃபிளாய்டின் முதல் ஆல்பமான ‘தி பைப்பர் அட் தி கேட்ஸ் ஆஃப் டான்’ 1967 ஆகஸ்டில் இங்கிலாந்தில் வெளியானது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2007இல், அதை ரீமாஸ்டர் செய்து வெளியிட்டார்கள். எல்லா ஒலியும் ஒரே வழியாக வரும் மோனோ ஒரு வட்டில், இடது வலது எனப் பிரிந்து வரும் ஸ்டீரியோ இன்னொன்றில். 1967இல் தனித்தனி இசைத்தட்டாக வந்த பாடல்களும் சில மாற்று வடிவங்களும் மூன்றாவதில். துணி அட்டை போட்ட சிறு புத்தகம் போன்ற உறை. கூடவே சிட் பாரெட்டின் குறிப்பேடு ஒன்றின் நகல். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக இது என்னிடம் இருக்கிறது. துணியின் ஓரம் நைந்து நூல் பிரிந்துவிட்டது. வாங்கிய புதிதில் எழுதியிருந்தால் ஒலியின் தெளிவைப் பற்றி மட்டுமே எழுதியிருப்பேன். இப்போது சொல்ல வேறு விஷயங்கள் இருக்கின்றன.

இதற்கு முன் எனக்குப் பழக்கமாக இருந்தது ஸ்டீரியோ வடிவம், அதுவும் சுருக்கப்பட்ட கோப்பாக. அப்போது நான் இசையைக் கேட்டேன் என்பதைவிட ஒரு கதையைக் கேட்டேன் என்பதே சரி. பதினொரு பாடல்களில் எட்டைத் தனியாக எழுதி, பாடி, கிதாரும் வாசித்த இருபத்தொரு வயது இளைஞர் சிட் பாரெட், அடுத்த ஆண்டே குழுவை விட்டு விலகிவிடுகிறார். பிறகு இரண்டு தனி ஆல்பங்கள். அதன்பின் 2006இல் இறக்கும்வரை நீண்ட மௌனம். இந்தக் கதை தெரிந்தவர் காதில் ஒவ்வொரு பாடலும் வரப்போகும் சரிவின் அறிகுறியாகவே விழும். சிரிப்பொலி வந்தால் அதில் பித்தைத் தேடுவோம். தாளம் சற்றே நழுவினால் மனம் நழுவுகிறது என்போம். பல ஆண்டுகள் நானும் அப்படித்தான் கேட்டேன். அது அந்த மனிதருக்கும், கூட வாசித்த மூவருக்கும் செய்த அநியாயம் என்று இன்று நினைக்கிறேன்.

அந்தப் பழக்கத்தை உடைத்தது ரீமாஸ்டர்தான். அதனால் அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதைச் சொல்லிவிட வேண்டும். ரீமாஸ்டர் என்றால் பாடலை மறுபடி கலப்பது அல்ல. கிதாரைத் தணித்துக் குரலை ஏற்றுவது அதன் வேலை அன்று. அதற்குப் பெயர் ரீமிக்ஸ். 1967இல் கலந்து முடித்த ஒலிநாடாவை எடுத்து, மொத்த ஒலியிலும் எந்த அதிர்வெண்கள் மங்கியிருக்கின்றன, எவை முட்டி நிற்கின்றன என்று பார்த்துச் சரிசெய்வதே ரீமாஸ்டர். ஓவியத்தைத் திருத்துவதற்கும் அதன் மேல் படிந்த புகையைத் துடைப்பதற்கும் உள்ள வேறுபாடு. இங்கே துடைத்தவர் ஜேம்ஸ் கத்ரி, அந்தக் குழுவோடு நெடுங்காலம் பணியாற்றிய ஒலிப்பொறியாளர். பழைய ஆல்பங்களை இன்றைய சத்தத்துக்கு இணையாக அழுத்திப் பிழியும் வழக்கம் ஒன்று உண்டு. முதல் கேட்பில் பளிச்சென்று இருக்கும், மூன்றாவது பாட்டில் காது களைத்துவிடும். இதில் அந்தக் களைப்பு எனக்கு வந்ததே இல்லை. மெல்லிய இடங்கள் மெல்லியவையாகவே இருக்கின்றன. நாற்பத்திரண்டு நிமிடங்கள் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து போடத் தோன்றுகிறது. நீண்ட நாள் உழைப்பதற்கு இதைவிட முக்கியமான குணம் எனக்குத் தெரியவில்லை.

புகை விலகியதும் முதலில் என் காதில் விழுந்தவர் பாரெட் அல்லர், ரிச்சர்ட் ரைட். அவருடைய ஃபார்ஃபிசா ஆர்கன் பின்னணியில் ஓடும் மூட்டம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். உண்மையில் பல பாடல்களின் எலும்பே அதுதான். ‘மடில்டா மதர்’ பாடலின் நடுவே வரும் ஆர்கன் வாசிப்பைக் கேளுங்கள். ராக் இசையின் வழக்கமான படிகளில் ஏறாமல், ஒரே ஆதார சுருதியைச் சுற்றிச் சுற்றி வளைந்து போகிறது. ராக ஆலாபனை கேட்டுப் பழகிய காதுக்கு அந்த நடை அந்நியமாகவே படாது. அதே பாடலில் முன்னே நின்று பாடுவதும் பெரும்பாலும் ரைட்டின் குரல்தான். தூங்கப் போகும் முன் அம்மா கதை படிப்பதை நிறுத்திவிட்டாள், மேலே சொல் என்று ஏங்கும் பாட்டு அது. அந்த ஏக்கத்தைப் பாரெட் எழுதினார், ரைட் பாடினார். இந்தப் பங்கீடு கேட்கத் தொடங்கிய பிறகு என்னால் இதை ஒருவரின் ஆல்பமாக நினைக்க முடியவில்லை.

‘பவ் ஆர் டாக் எச்’ இன்னொரு சான்று. வாயால் எழுப்பும் விசித்திர ஒலிகளோடு தொடங்கி, சட்டென்று ஓர் அமைதியான பியானோ வாசிப்புக்குள் இறங்குகிறது. முன்பெல்லாம் அந்த வாய்ச்சத்தம் முடிந்ததும் அடுத்த பாடலுக்குத் தாவிவிடுவேன். இப்போது பியானோவுக்காகவே காத்திருக்கிறேன்.

இனி மோனோவா ஸ்டீரியோவா என்ற கேள்வி. 1967இன் பிரிட்டனில் பெரும்பாலான வீடுகளில் இருந்தது மோனோ பிளேயர். ஆகவே இசைத்தட்டு தயாரிப்பவர்களின் முதல் கவனமும் மோனோ கலவைக்கே போனது. இந்த ஆல்பம் அபே ரோட்டில் இருந்த இஎம்ஐ ஸ்டுடியோவில், நான்கே தடங்கள் கொண்ட ஒலிநாடாவில் பதிவானது. நான்கு தடங்களுக்குள் குரல், கிதார், ஆர்கன், பேஸ், டிரம்ஸ், சத்தங்கள் எல்லாவற்றையும் அடைத்தாக வேண்டும். அதை ஸ்டீரியோவில் பிரிக்கும்போது சில பாடல்களில் இடது காதில் ஒரு கும்பலும் வலது காதில் ஒரு கும்பலுமாக நின்றுவிடுகிறது. நடுவில் ஒரு வெற்றிடம். மோனோவில் அந்த வெற்றிடம் இல்லை. எல்லாம் ஒரே புள்ளியிலிருந்து, ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு வருகிறது. நிக் மேசனின் டிரம்ஸுக்கும் ரோஜர் வாட்டர்ஸின் பேஸுக்கும் அங்கேதான் உடம்பு கிடைக்கிறது. ‘லூசிஃபர் சாம்’ பாடலில் ஒரு பூனையைப் பின்தொடரும் அந்தக் கிதார் வரியை முதலில் மோனோவில் கேளுங்கள்; பிறகு ஸ்டீரியோவில் கேட்டால் பூனை இளைத்துவிட்டது போலிருக்கும்.

ஒரு நடைமுறைக் குறிப்பு: மோனோ வட்டை ஹெட்போனில் கேட்காதீர்கள். ஒலி முழுவதும் மண்டைக்கு நடுவில் குவிந்து சிறிது நேரத்தில் மூச்சுமுட்டும். ஒலிபெருக்கியில், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து கேட்க வேண்டும். ஒற்றை ஒலிபெருக்கி இருந்தால் இன்னும் நல்லது.

ஸ்டீரியோவுக்கு நான் விட்டுக்கொடுக்கும் இடம் ஒன்று உண்டு: ‘இன்டர்ஸ்டெல்லர் ஓவர்டிரைவ்’. ஏறத்தாழ பத்து நிமிட வாத்திய இசை. இறங்குமுகமான ஒரு கிதார் வரி. பிறகு எல்லாம் கலைந்து, தாளமே இல்லாத ஒரு வெளியில் நால்வரும் ஒருவரையொருவர் தேடுகிறார்கள். கடைசியில் அந்த வரி திரும்பி வருகிறது. திரும்பி வரும் அந்தக் கணத்தில் ஸ்டீரியோ கலவை முழு ஒலியையும் இடமிருந்து வலமாகவும் வலமிருந்து இடமாகவும் சுழற்றி வீசுகிறது. மோனோவில் இதற்கு வழியே இல்லை. ஆனால் மோனோவில் பாடலின் தொடக்கத்திலேயே ஆர்கன் முன்னால் வந்து நிற்கிறது. ஸ்டீரியோவில் அது கிதார்களின் கீழே புதைந்திருக்கிறது. சுழலை விரும்புகிறவர்களுக்கு ஒரு வட்டு, நால்வரின் உரையாடலை விரும்புகிறவர்களுக்கு மற்றொன்று.

லண்டனின் யுஎஃப்ஓ கிளப்பில் இந்தக் குழு வாசித்த நாட்களில் இந்த மாதிரி வாத்தியப் பகுதிகள் நெடுநேரம் நீளுமாம். ஸ்டுடியோவில் தயாரிப்பாளர் நார்மன் ஸ்மித் அதற்கு அவ்வளவு இடம் தரவில்லை. 1965 வரை பீட்டில்ஸின் ஒலிப்பதிவுகளைக் கவனித்தவர் அவர். மூன்று நிமிடப் பாடலின் இலக்கணம் அவர் கையில் ஊறியிருந்தது. அவர் குழுவின் சிறகை வெட்டிவிட்டார் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அவர்கள் பக்கம் இல்லை. இத்தனை ஆண்டுகள் கேட்டும் இந்த ஆல்பம் புளிக்காமல் இருப்பதற்கு அவருடைய கண்டிப்பும் ஒரு காரணம். ‘அஸ்ட்ரானமி டொமினி’யின் எதிரொலிகள் எவ்வளவு தூரம் போனாலும் நான்கு நிமிடம் சொச்சத்தில் பாடல் முடிந்துவிடுகிறது. ‘தி ஸ்கேர்குரோ’ இரண்டே நிமிடம்: குதிரைக் குளம்பு போன்ற ஒரு தட்டல், வயலில் நிற்கும் ஒரு வைக்கோல் பொம்மை, கடைசியில் எங்கிருந்தோ வந்து விரியும் கிதார். அதை இன்னும் இரண்டு நிமிடம் இழுத்திருந்தால் சோளக்கொல்லைப் பொம்மை என்றோ சாய்ந்திருக்கும்.

எதிரொலிகள் என்றேன். பாரெட் பயன்படுத்திய எதிரொலிக் கருவி இத்தாலியில் செய்யப்பட்ட பின்சன் எக்கோரெக். ஒலிநாடாவுக்குப் பதிலாக, சுழலும் காந்த உருளையில் ஒலியைப் பதிந்து திருப்பித் தரும். அந்த எதிரொலியில் ஒரு ஈரம் இருக்கிறது. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் கொஞ்சம் கரைந்து, கொஞ்சம் கருத்துத் திரும்புகிறது. பழைய கோப்பில் இது வெறும் இரைச்சலாகக் கேட்டது. ரீமாஸ்டரில் அந்தக் கரைதலின் படிகளை எண்ண முடிகிறது.

குறை இல்லாமல் இல்லை. வாட்டர்ஸ் எழுதிய ‘டேக் அப் தை ஸ்டெதஸ்கோப் அண்ட் வாக்’ இன்றும் எனக்கு ஒட்டவில்லை. சொற்கள் தாளத்துக்காக அடுக்கப்பட்டவை, ஆர்கனும் கிதாரும் மோதும் நடுப்பகுதிதான் அதைக் காப்பாற்றுகிறது. பின்னாளில் அவ்வளவு பெரிய பாடல்களை எழுதியவரின் முதல் அடி என்ற அளவில் மதிக்கிறேன். ‘சாப்டர் 24’ சீனத்தின் ஐ சிங் நூலிலிருந்து எடுத்த வரிகளைப் பாடுகிறது. சில மாதங்கள் மிகப் பிடிக்கும், சில மாதங்கள் அசையாமல் நிற்பதாகத் தோன்றும். மூன்றாவது வட்டு ஏன் புதிதாக இருக்கிறது என்றால், ‘சீ எமிலி பிளே’யையும் ‘மடில்டா மதர்’ பாடலின் மாற்று வடிவத்தையும் தவிர அதில் திரும்பத் திரும்பக் கேட்க எனக்கு எதுவும் இல்லை. அந்த மாற்று வடிவம் மட்டும் அருமையானது. ஆங்கில எழுத்தாளர் ஹிலேர் பெல்லாக்கின் குழந்தைப் பாடல் வரிகளை வைத்துத்தான் முதலில் பாடியிருக்கிறார்கள். அனுமதி கிடைக்காததால் பாரெட் புதிதாகச் சொற்கள் எழுதினார். தாயிடம் மேலும் கதை கேட்கும் அந்த வரிகள், கிடைக்காமல் போன ஒரு புத்தகத்தின் இடத்தில் முளைத்தவை. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரு கவிஞன் தன் குரலைக் கண்டுபிடிக்கும் இடத்தில் நாமும் உட்கார்ந்திருப்பது போலிருக்கிறது.

குழந்தைகள் என்றதும் என் அண்ணன் மகளைச் சொல்ல வேண்டும். இந்த ஆல்பத்தின் பெயரே கென்னத் கிரகாம் குழந்தைகளுக்கு எழுதிய 1908ஆம் ஆண்டுக் கதையின் ஏழாம் அத்தியாயத் தலைப்புதான். ஆனாலும் இது குழந்தைகள் கேட்கக்கூடிய இசை என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அவளுக்கு ஐந்து வயது இருக்கும்போது கடைசிப் பாடலான ‘பைக்’ ஓடிக்கொண்டிருந்தது. ஒருவன் தன் தோழிக்குத் தன் சைக்கிளையும், அங்கியையும், வீடில்லாத எலி ஒன்றையும் காட்டுகிறான்; பிறகு இசை மெட்டுகள் நிறைந்த ஓர் அறைக்கு வரச் சொல்கிறான். கதவு திறந்ததும் கடிகாரங்களும் மணிகளும் ஒலித்து, கடைசியில் வாத்துக் கூட்டம் கத்துவது போன்ற ஒரு சத்தம் சுழன்று சுழன்று மறைகிறது. பாரெட்டின் கதையை அறிந்திருந்த எனக்கு அந்த முடிவு எப்போதுமே பயங்கரமானது; மனம் உடையும் ஒலி என்று நம்பியிருந்தேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “சித்தப்பா, இத்தனை வாத்தும் அந்த ரூமுக்குள்ளேதான் இருந்ததா? இன்னொரு தடவை கதவைத் திறங்கள்” என்றாள். அன்று நான்கைந்து முறை திறந்தோம். அதன்பின் அந்தப் பாடலை வேறு விதமாகக் கேட்க என்னால் முடியவில்லை. அறை நிறைய பொம்மை வைத்திருக்கும் ஒருவன், தனக்குப் பிடித்தவளை அழைத்துக் காட்டுகிறான். பாட்டில் இருப்பது அவ்வளவுதான். மீதி நான் கொண்டு வந்து வைத்தது.

அவள் இப்போது கல்லூரி மாணவி. இரண்டாவது வட்டில் இருக்கும் கோடுகள் அவளுடையவை. இரண்டு ஆண்டுகளாக ஸ்டீரியோ வட்டு அவளிடம்தான் இருந்தது; ஹெட்போனில் அந்தச் சுழலுக்காகவே கேட்கிறாள், மோனோ என்பது ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பது என்று வாதாடுகிறாள். சென்ற வாரம் திருப்பித் தர வந்தவளை உட்காரவைத்து, ஒற்றை ஒலிபெருக்கியில் முதல் வட்டின் ஏழாவது பாடலைப் போட்டேன்: ‘இன்டர்ஸ்டெல்லர் ஓவர்டிரைவ்’. முதல் நிமிடம் முடிவதற்குள் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னாள்.

“சித்தப்பா, பின்னாலே ஒருவர் ஆர்கன் வாசித்துக்கொண்டே இருக்கிறாரே, இவர் இவ்வளவு நாள் எங்கே இருந்தார்?”

பாடலை மறுபடி முதலிலிருந்து போட்டேன்.