வேலைக்குத் தயாராக: தங்கிப் படிக்கும் மையமா, ஆன்லைன் வழிகாட்டியா?

பி.காம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பார்வை மாற்றுத்திறனாளியிடம் எல்லாரும் சொல்கிற முதல் யோசனை, "சென்னைக்கோ பெங்களூருக்கோ போய் ஒரு மையத்துல தங்கி ட்ரெய்னிங் எடு" என்பதுதான். இன்னொரு வழியும் உண்டு. ஏற்கெனவே வேலையில் இருக்கும் ஒருவரை நமக்கு வழிகாட்டியாக ஒரு அமைப்பு இணைத்துவிடும். வாரம் ஒருமுறை ஜூமிலோ போனிலோ பேச வேண்டும், நடுவில் சந்தேகம் வந்தால் வாட்ஸ்அப். நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். இப்போது மதுரையில் ஒரு அலுவலகத்தில் பில் சரிபார்க்கும் பிரிவில் இருக்கிறேன். என் கல்லூரித் தம்பி தங்கைகள் அடிக்கடி கேட்பதால் எழுதுகிறேன். நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம், நான் ஆன்லைன் கட்சி.

செலவு, பயணம், ஹாஸ்டல் சாப்பாடு பற்றியெல்லாம் உங்களுக்கே தெரியும். பெண்பிள்ளையை வெளியூர் அனுப்பத் தயங்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன என்பதும் தெரியும். அதை விட்டுவிடலாம்.

மையத்துக்கு நான் யோசிக்காமல் மார்க் போடும் இடம் வெண்கோல் பயிற்சி. படியின் விளிம்பைக் கோல் நுனியில் உணர்வது, வண்டிச் சத்தத்தை வைத்துச் சாலையைக் கடப்பது இதற்கெல்லாம் பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும். ஜூமில் நடக்கவே நடக்காது. எனக்கு அது பள்ளி விடுதியிலேயே கிடைத்துவிட்டது. கிடைக்காதவர்கள் முதலில் மையத்துக்குப் போவதே சரி.

கம்ப்யூட்டர் பழகுவதில் இரண்டும் சமம் என்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நாம் பெரும்பாலும் பயன்படுத்துவது என்விடிஏ. 2006-ல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற ஒருவர் தொடங்கி, இன்றும் இலவசமாகக் கிடைக்கும் ஸ்கிரீன் ரீடர், அதாவது திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துச் சொல்லும் மென்பொருள். அதில் தூரத்திலிருந்தே இன்னொருவர் நம் கம்ப்யூட்டரோடு இணையும் ரிமோட் வசதி இருக்கிறது. முன்பு தனி ஆட்-ஆனாகப் போட வேண்டும், 2025.1 பதிப்பிலிருந்து உள்ளேயே வருகிறது. என் லேப்டாப் பேசுவது வழிகாட்டியின் காதிலும் விழும், அவர் தட்டும் விசை என் லேப்டாப்பில் வேலை செய்யும். எக்செல்லில் நான் ஒவ்வொரு செல்லாக ஊர்ந்து போவதைக் கேட்டுவிட்டு, "கன்ட்ரோலை அழுத்திக்கிட்டு கீழ் அம்புக்குறி தட்டும்மா, கடைசி வரிக்கே போயிடும்" என்றார் என் வழிகாட்டியான அக்கா. அவரும் பார்வையற்றவர், பல வருடமாக வங்கி வேலையில் இருப்பவர். பின்னால் நின்று திரையைப் பார்க்கும் ஆசிரியருக்கு, காதில் எங்கே நேரம் போகிறது என்பது இந்த அளவுக்குப் பிடிபடாது. ஒன்று, இதைச் சொந்த லேப்டாப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். அலுவலகக் கம்ப்யூட்டரில் வாடிக்கையாளர் தகவல் இருக்கும், வம்பு.

இவை எல்லாவற்றையும்விட நான் பெரிதாக நினைப்பது, வேலையில் சேர்ந்த பிறகு வரும் மாதங்கள். மையத்தில் பேட்ச் முடியும், வேலை வாங்கித் தருவார்கள், அடுத்த பேட்ச் வந்துவிடும். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அந்த அமைப்பே அப்படித்தான். ஆனால் நமக்குச் சிக்கல் தொடங்குவதே அங்கேதான்.

நான் சேர்ந்த கொஞ்ச நாளில் பில் பதிவுக்குப் புது போர்ட்டல் வந்தது. பட்டன்களைத் தேட 'பி' விசையைத் தட்டினால் என்விடிஏ "பட்டன், பட்டன், பட்டன்" என்கிறது. எது சேமிக்கும், எது அழிக்கும் என்று தெரியாது, எதற்கும் பெயரே வைக்கவில்லை. ராத்திரி அக்காவுக்கு வாய்ஸ் நோட் போட்டேன். "எடுத்த எடுப்புல ஹெச்ஆருக்குப் புகார் எழுதிடாத. டீம் லீடரைப் பக்கத்துல உட்கார வெச்சு, ஹெட்போனைக் கழட்டிட்டு ஸ்பீக்கர்ல கேட்க விடு. அவரே ஐடிகிட்ட பேசுவார். பட்டனுக்குப் பேர் வைக்கிறது அவங்களுக்குச் சின்ன வேலை" என்றார். அப்படியே செய்தேன். டீம் லீடர் கேட்டுவிட்டுச் சிரித்தார், அப்புறம் அவரே மெயில் போட்டார். சரிசெய்து முடிக்கும்வரை, மூன்றாவது பட்டன்தான் சேமிப்பு என்று எண்ணி எண்ணி ஓட்டினேன்.

மெயிலுக்குப் பதில் வராமல் போனால் அடுத்து என்ன என்பதையும் அக்கா சொல்லியிருந்தார். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டப்படி தனியார் நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடமென்றால், உதவிக் கருவிகளுக்கு என்ன ஏற்பாடு, தொடர்பு அலுவலர் யார் என்பதும் அதில் இருக்க வேண்டும். வகுப்பில் இதைக் கேட்டிருந்தால் நோட்ஸோடு போயிருக்கும். தேவைப்பட்ட அன்று கேட்டதால் நின்றது. மீட்டிங்கில் ஒரு காதில் ஸ்கிரீன் ரீடர், இன்னொரு காதில் ஆட்கள் என்று பிரித்துக்கொள்ளும் வித்தையும் இப்படி வந்ததுதான்.

இது கொரோனாவுக்குப் பிறகு முளைத்த யோசனையும் இல்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1992-ல் தொடங்கிய டூ-இட் திட்டம், மாற்றுத்திறனாளி மாணவர்களை மின்னஞ்சல் வழியாகவே வழிகாட்டிகளோடு பேசவைத்தது. அந்த வழிகாட்டிகளிலும் பலர் மாற்றுத்திறனாளிகள். பேச நேரமெடுக்கும் மூளை முடக்குவாத நண்பர்களுக்கு எழுத்தில் பேசுவது எவ்வளவு நிம்மதி என்று நினைத்துப் பாருங்கள், யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

நான் சொல்வதெல்லாம் பார்வைக் குறைபாட்டை வைத்து மட்டும். சைகை மொழியில் பேசுபவர்களுக்கு வீடியோ கால் எந்த அளவுக்குக் கைகொடுக்கும் என்பதை அவர்களிடமே கேளுங்கள். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு, வேலை இடத்திலேயே கூட நின்று பழக்கும் ஆள்தான் பொருத்தம் என்று தோன்றுகிறது, உறுதியாகச் சொல்லும் அனுபவம் எனக்கு இல்லை. அரசு வேலையின் 4 சதவீத இடஒதுக்கீட்டைக் குறிவைப்பவர்களுக்கு இந்த இரண்டுமே வேண்டாம், தேர்வுக்கான கோச்சிங் போதும்.

ஆன்லைனின் பெரிய ஓட்டை, வழிகாட்டி பாதியில் காணாமல் போவது. என் தோழிக்கு வாய்த்தவர் கம்பெனி மாறினார், அதோடு பதிலும் நின்றது. பெரும்பாலும் சம்பளமில்லாமல் செய்கிறார்கள், சட்டையைப் பிடிக்க முடியாது. அதனால் சேரும்போதே இணைத்துவைக்கும் அமைப்பிடம் இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள். இவரால் முடியாமல் போனால் வேறு ஆள் தருவீர்களா? வேலை கிடைத்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் இந்த ஏற்பாடு தொடருமா? இரண்டாவதுக்கு மழுப்பினால் மையத்துக்கே போங்கள், வெண்கோல் பயிற்சியாவது மிஞ்சும்.