லெட் சால்டரா, லெட்-ஃப்ரீயா? கடலூரில் இரண்டையும் பயன்படுத்திய அனுபவம்

4440 ஐசி போட்ட ஆம்ப்ளிஃபயர் போர்டு கட்டுவது, எரிந்துபோன எல்இடி பல்பைச் சரிசெய்வது, சின்ன பவர் சப்ளை செய்வது. வீட்டு மேசையில் என் வேலை இவ்வளவுதான். இதில் பாகங்களைப் பற்றவைக்க லெட் சால்டரையும் (காரீயம் கலந்த பற்றாசு) லெட்-ஃப்ரீயையும் (காரீயம் இல்லாதது) பல வருடமாக மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறேன். பொழுதுபோக்காகச் செய்கிறவர்கள் யார் கேட்டாலும் 63/37 என்ற லெட் சால்டரை வாங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

வெள்ளீயம் 63, காரீயம் 37 சதவீதம் சேர்ந்த இந்தக் கலவை 183 டிகிரி செல்சியஸில் உருகி, அதே 183-ல் சட்டென்று இறுகிவிடும். 60/40 அப்படியில்லை, 183-க்கும் 190-க்கும் நடுவே கூழாக நிற்கும். அந்த நேரத்தில் ஒயர் லேசாக அசைந்தால் போதும், ஜாயின்ட் சொரசொரப்பாகி, பிறகு டிரை சால்டர் (சரியாகப் பிடிக்காத ஜாயின்ட்) என்று உயிரை வாங்கும். கடையில் "ரெண்டும் ஒண்ணுதாங்க" என்பார்கள். நம்ப வேண்டாம், ரீலில் உள்ள லேபிளைப் பாருங்கள்.

நான் வாங்கிய லெட்-ஃப்ரீயில் 3 சதவீதம் வெள்ளி, அரை சதவீதம் செம்பு, மீதி வெள்ளீயம். 217 டிகிரியில்தான் உருகவே ஆரம்பிக்கும். வெள்ளி சேராத மலிவான வகைக்கு 227 வேண்டும். ஐசி பின்களில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆம்ப் போர்டின் அகலமான கிரவுண்ட் டிராக்கில்தான் தெரியும். 25 வாட் அயர்னை வைத்தால் சூட்டையெல்லாம் செம்பு இழுத்துக்கொள்ள, சால்டர் பரவாமல் பாதரசம் மாதிரி உருண்டு நிற்கும். சூட்டைக் கூட்டிக் குறைக்கிற சால்டரிங் ஸ்டேஷன் வாங்கி 370-ல் வைத்த பிறகுதான் ஒழுங்காக ஓடியது. லெட்டுக்கு 330 தாராளம். லெட்-ஃப்ரீயில் அயர்னின் முனையான பிட்டும் சீக்கிரம் அரித்துப் போகிறது. அப்புறம், லெட்-ஃப்ரீ ஜாயின்ட் நன்றாக இருந்தாலும் மங்கலாகத்தான் தெரியும். பளபளப்பைப் பார்க்காதீர்கள், ஓரம் செம்போடு படிந்து இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, காரீயம் விஷமாயிற்றே? விஷம்தான். ஆனால் சால்டர் செய்கிற சூட்டில் அது ஆவியாவது மிகமிகக் குறைவு. கண்ணைக் கரிக்கிற புகை, சால்டர் நன்றாகப் பிடிக்கச் சேர்க்கிற ரோசின் ஃபிளக்ஸுடையது. அது லெட்-ஃப்ரீயிலும் உண்டு, ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும். சின்ன ஃபேன் வைத்து இழுத்து வெளியே விடுங்கள். காரீயம் உடம்புக்குள் போவது கையில் ஒட்டி, வாய் வழியாக. மேசையில் டீ, முறுக்கு கூடவே கூடாது. எழுந்ததும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள், உதிர்ந்த துணுக்குகளை ஒரு டப்பாவில் சேருங்கள். தவழுகிற குழந்தை உள்ள வீடு என்றாலும், அக்கா மகன் மாதிரி ஒரு சிறுவனுக்குக் கற்றுக்கொடுப்பது என்றாலும் நான் யோசிக்காமல் லெட்-ஃப்ரீயைத்தான் எடுப்பேன்.

2006 ஜூலையில் ஐரோப்பாவில் காரீயத்துக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு, கடைகளில் விற்கும் எலக்ட்ரானிக் சாமான்களில் பெரும்பாலும் லெட்-ஃப்ரீதான். அப்படிப்பட்ட போர்டில் பாகத்தைக் கழற்ற, பழைய ஜாயின்ட்டின் மேலேயே கொஞ்சம் 63/37 உருக்கி விடுங்கள். உருகுநிலை இறங்கி, பாகத்தின் கால் சுலபமாக வந்துவிடும்.

கடலூரில் தேவனாம்பட்டினம் கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒன்று. இந்த உப்புக்காற்றில் திறந்து வைத்த பிசிபியின் (சர்க்யூட் போர்டு) செம்பு சீக்கிரம் கறுத்துவிடும், அதில் எந்த சால்டரும் ஒட்டாது. லெட்-ஃப்ரீ இன்னும் மோசம். முதலில் தேய்த்துச் சுத்தம் செய்து, புது ரோசின் ஃபிளக்ஸ் போடுங்கள். பாத்திரத்துக்கும் ரேடியேட்டருக்கும் போடுகிற ஆசிட் பேஸ்டை போர்டு பக்கமே கொண்டுவராதீர்கள். நன்றாகப் பிடிக்கும்தான், ஆனால் அதன் மிச்சம் ஈரத்தை இழுத்து, பச்சை பூத்து, டிராக்கையே தின்றுவிடும்.