டிரெய்லருக்குப் "புது டயர்" என்று ஐந்து வருடப் பழசை மாட்டிவிட்டார்கள்

டெக்சாஸில் டிராவல் டிரெய்லர் (வண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்கும் வீடு) வைத்துக்கொண்டு குடும்பத்தோடு ஊர் சுற்றுகிற நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். அமெரிக்காவில் வேறு மாநிலத்தில் இருப்பவர்களும் படிக்கலாம், எல்லாம் பொருந்தும். கடையின் பெயரைப் போடவில்லை. இதே வேலையை நாளைக்கு உங்கள் ஊர்க் கடையிலும் செய்யலாம். எப்படிச் செய்கிறார்கள் என்பதுதான் முக்கியம்.

எங்கள் டிரெய்லருக்கு இரண்டு அச்சு, நான்கு சக்கரம். பழைய டயர்கள் 2018-இல் தயாரானவை. பட்டன், அதாவது சாலையில் படும் வரிகள் வெட்டிய ரப்பர், பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. ஆனால் 2024 ஏப்ரலில் அவற்றுக்கு ஆறு வயது ஆகியிருந்தது, பக்கவாட்டில் மயிரிழை போல வெடிப்புகளும் தெரிய ஆரம்பித்திருந்தன. கோடையில் மேற்கு டெக்சாஸ் போவதாகத் திட்டம். அதனால் டல்லாஸுக்கு வடக்கே இருக்கும் ஒரு டயர் கடைக்கு போன் செய்து, நான்கையும் மாற்ற வேண்டும், ஒரு வருடத்துக்குள் தயாரான டயர்தான் வேண்டும் என்று சொன்னேன். "எல்லாம் புது சரக்குதான், கொண்டு வாங்க" என்றார்கள்.

போனால் முதலில் வேறு பாட்டு. "பட்டன் நன்றாகத்தானே இருக்கிறது, இன்னும் இரண்டு வருடம் ஓட்டலாமே" என்றார் ஒருவர். வேண்டாம், மாற்றிவிடுங்கள் என்றேன். மாற்றினார்கள். எழுநூறு டாலருக்கு மேல் பில். பில்லில் "புதிய டிரெய்லர் டயர், 4" என்று அச்சாகியிருந்தது. வெளிப்பக்கத்தில் தேதி எண்ணைக் காணோமே என்று கேட்டதற்கு, "இந்த மாடலில் அது உள்பக்கம்தான் வரும்" என்று பதில் வந்தது.

ஜூலையில் ஐ-20 சாலையில் அபிலீனைத் தாண்டி, ஸ்வீட்வாட்டர் அருகே பெட்ரோல் போட நிறுத்தினோம். நிறுத்தும் இடத்திலெல்லாம் டயர்களின் சூட்டை வெப்பமானியால் பார்ப்பது என் வழக்கம். வலது பின்பக்க டயர் மற்ற மூன்றையும்விட நன்றாகச் சூடேறியிருந்தது. குனிந்து பார்த்தால் பட்டனுக்கு நடுவே உள்ளங்கை அகலத்துக்குப் புடைத்திருந்தது. உள்ளே இருக்கும் கம்பிப் பட்டை ரப்பரிலிருந்து பிரியத் தொடங்கினால் இப்படித்தான் புடைக்கும். இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் வெடித்திருக்கும்.

உதவிக்கு வந்த மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டு, டார்ச் அடித்து ஒரு எண்ணைக் காட்டினார்: 3119. ஸ்டெப்னியை மாட்டிய பிறகு வண்டிக்கு அடியில் படுத்து மற்ற மூன்றையும் பார்த்தோம். மூன்றிலும் அதே 3119.

அந்த எண்ணைப் படிக்கத் தெரிந்திருப்பது அவசியம். அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு டயரிலும் டி.ஓ.டி. (போக்குவரத்துத் துறை) என்று தொடங்கும் ஒரு அடையாள எண் இருக்கும். அதன் கடைசி நான்கு இலக்கங்கள்தான் பிறந்த தேதி. முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 3119 என்றால் 2019-ஆம் ஆண்டின் 31-ஆவது வாரம், அதாவது ஆகஸ்ட் தொடக்கம். எனக்கு "புதிது" என்று விற்கும்போதே அந்த டயர்களுக்கு ஏறத்தாழ ஐந்து வயது. 2000-க்கு முன் தயாரானவற்றில் மூன்று இலக்கம்தான் இருக்கும். அப்படி ஒன்றை எங்கேயாவது பழைய டிரெய்லரில் பார்த்தால் அந்த வண்டியைத் தெருமுனை வரைகூட இழுக்காதீர்கள்.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. தேதியோடு கூடிய முழு எண் டயரின் ஒரு பக்கத்தில் இருந்தால் போதும், மறுபக்கத்தில் தேதி இல்லாமல் பாதி எண் மட்டும் இருக்கலாம் என்பது விதி. ஆகவே பழைய சரக்கைத் தள்ளிவிட நினைக்கும் கடைக்காரர் தேதி உள்ள பக்கத்தை உள்ளே பார்க்க மாட்டிவிட்டால் முடிந்தது. டிரெய்லரில் அந்தப் பக்கம் அச்சைப் பார்த்து இருட்டில் இருக்கும். டிரெய்லர் டயரில் பெரும்பாலும் எந்தப் பக்கத்தை வேண்டுமானாலும் வெளியே வைக்கலாம். "இந்த மாடலில் உள்பக்கம்தான் வரும்" என்பது சுத்தப் பொய். நான்கு டயரிலும் தேதி உள்ளே போனது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் கடைக்குப் போனேன். மேலாளர் மூன்று காரணம் சொன்னார். மூன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் உங்களிடமும் இதையேதான் சொல்வார்கள்.

முதலாவது, "கிடங்கில் வைத்திருந்த டயருக்கு வயது கிடையாது, மாட்டிய நாளிலிருந்துதான் கணக்கு." வெயில் படாமல் வைத்தால் ரப்பர் மெதுவாகத்தான் கெடும் என்பது உண்மை. சில நிறுவனங்கள் வாரண்டியை வாங்கிய நாளிலிருந்து கணக்கிடுவதும் உண்மை. ஆனால் வயது ஓடாமல் நிற்காது. கார் டயர்களுக்குப் பத்து வருடம்தான் உச்ச வரம்பு என்று மிஷெலின் சொல்வதுகூடத் தயாரித்த தேதியிலிருந்துதான். டிரெய்லர் டயரின் ஆயுள் அதைவிடக் குறைவு என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும்.

இரண்டாவது, "நீங்கள் வேகமாக ஓட்டியிருப்பீர்கள்." எஸ்.டி. (ஸ்பெஷல் டிரெய்லர்) என்று தொடங்கும் டிரெய்லர் டயரில் வேறு வேகக் குறியீடு இல்லாவிட்டால் மணிக்கு 65 மைல்தான் எல்லை. மேற்கு டெக்சாஸில் ஐ-20, ஐ-10 சாலைகளில் பலகை 75, 80 என்று இருக்கும், அதை நம்பிப் பறப்பவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் 65-ஐத் தாண்டுவதே இல்லை.

மூன்றாவது, "அதிக பாரம் ஏற்றியிருப்பீர்கள்." இங்கேதான் கையில் ஒரு காகிதம் இருந்தது. கிளம்பும் அன்று லாரிகள் நிற்கும் ட்ரக் ஸ்டாப்பில், கேட் ஸ்கேல் என்ற எடை மேடையில் எடை போட்ட ரசீது. எங்கள் டயரின் அளவு எஸ்.டி. 225/75 ஆர்15, லோடு ரேஞ்ச் (பாரம் தாங்கும் பிரிவு) டி. குளிர்ந்த நிலையில் 65 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால் ஒவ்வொன்றும் 2540 பவுண்டு தாங்கும். நான்கும் சேர்ந்து 10,160. எங்கள் டிரெய்லரின் மொத்த எடை அனுமதியே 7600 பவுண்டு, ரசீதில் அதற்கும் குறைவு. அதைக் காட்டியதும் பேச்சு மாறி, "நல்லெண்ணத்துக்காக மூன்றில் ஒரு பங்கு கழிவு தருகிறோம், வேறு டயர் வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார். அதே கடையில், அதே கிடங்கிலிருந்து!

பட்டன் தேயாத டயர் ஏன் வெடிக்கிறது என்று கேட்கும் நண்பர்களுக்காக இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கார் டயர் தேய்ந்து சாகும், டிரெய்லர் டயர் கிழடாகிச் சாகும். வருடத்தில் பெரும்பகுதி டிரெய்லர் ஒரே இடத்தில் வெயிலில் நிற்கிறது. ரப்பருக்குள் வெடிப்பைத் தடுக்கும் மெழுகும் ரசாயனமும் கலந்திருக்கும். டயர் உருண்டு நெளியும்போதுதான் அவை மேற்பரப்புக்கு வந்து காப்பு கொடுக்கும். நின்றே கிடக்கும் டயரில் அது நடக்காது. காற்றில் இருக்கும் ஓசோனும் புற ஊதாக் கதிரும் ரப்பரைத் தின்ன ஆரம்பிக்கும். உள்ளே, கம்பிப் பட்டைகளை ஒட்டி வைத்திருக்கும் ரப்பரும் ஆக்சிஜன் ஏறி இறுகி நெகிழ்வை இழக்கும். அது கண்ணுக்குத் தெரியாது. வெளியே வெடிப்பே இல்லாத டயரும் உள்ளே பிரிந்துகொண்டிருக்கலாம். இரட்டை அச்சு வண்டியை நெருக்கமாகத் திருப்பும்போது சக்கரங்கள் பக்கவாட்டில் இழுபடுவதைப் பார்த்திருப்பீர்கள், அந்த இழுவையும் இதே இடத்தைத்தான் தாக்குகிறது. அதன் மேல் ஜூலை மாத டெக்சாஸ் தார்ச்சாலை.

இந்த நாடு இதை 2000-இலேயே பெரிய விலை கொடுத்துக் கற்றது. ஃபோர்ட் எக்ஸ்புளோரரில் வந்த ஃபயர்ஸ்டோன் டயர்களில் பட்டன் பிரிந்து, வண்டிகள் உருண்டு, இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த ஆகஸ்டில் 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. அதே வருடம் வந்த ட்ரெட் சட்டத்தால்தான் இன்று நம் கார்களில் காற்று குறைந்தால் விளக்கு எரிகிறது. ஆனால் அந்தக் கட்டாயம் டிரெய்லருக்குக் கிடையாது. காரில் ஒரு டயர் பிரியத் தொடங்கினால் ஸ்டியரிங்கில் அதிரும். இருபது அடி பின்னால் வரும் டிரெய்லரில் நடப்பது ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது. எங்கள் முகாம் குழுவில் ஒருவருக்கு அப்படி வெடித்தபோது, சுழன்ற ரப்பர் சக்கர வளைவைக் கிழித்து, தண்ணீர்க் குழாயையும் பிரேக் வயரையும் பிய்த்துப் போட்டது. கேஸ் குழாயும் அதன் பக்கத்தில்தான் ஓடுகிறது. குழந்தைகளோடு போகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். இதனால்தான் எனக்கு அந்தக் கடைமேல் இவ்வளவு கோபம். எழுநூறு டாலர் போனதைவிட, தெரிந்தே செய்தார்களே என்பதுதான் வலிக்கிறது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? இத்தனை வயதுக்கு மேல் டயரை விற்கக் கூடாது என்று அமெரிக்க மத்திய சட்டம் எதுவும் இல்லை. கடைக்காரர்கள் இதைத்தான் கேடயமாகப் பிடிக்கிறார்கள். ஆனால் டெக்சாஸில் 1973-இல் வந்த ஏமாற்று வணிகத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. தரம் கெட்ட பொருளையோ பயன்படுத்திய பொருளையோ புதியது என்று சொல்லி விற்பது அதில் பட்டியலிட்ட குற்றங்களில் ஒன்று. வழக்குப் போடுவதற்கு 60 நாள் முன்பாக எழுத்தில் அறிவிப்பு கொடுக்க வேண்டும். 20,000 டாலர் வரை, சிறு வழக்குகளைப் பார்க்கும் ஜஸ்டிஸ் கோர்ட்டில் வக்கீல் இல்லாமலேயே போகலாம். நான் பில், டயர்களின் படங்கள், எடை ரசீது, மெக்கானிக் எழுதிக் கொடுத்த குறிப்பு எல்லாவற்றையும் சேர்த்து அந்த அறிவிப்பைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். கெடு முடிவதற்குள் டயர்களின் விலையைத் திருப்பித் தந்துவிட்டார்கள். மாட்டுக்கூலியும் சாலையில் செலவானதும் வரவில்லை. கிரெடிட் கார்டு நிறுவனம் காலம் கடந்துவிட்டது என்று கையை விரித்தது, ஆகையால் சந்தேகம் வந்தால் முதல் இரண்டு மாதத்துக்குள்ளேயே கார்டில் புகார் போட்டுவிடுங்கள். மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்திலும், என்.எச்.டி.எஸ்.ஏ. என்ற நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பிலும் புகார் பதிந்திருக்கிறேன்.

எப்போது மாற்றுவது என்று பலரும் கேட்கிறீர்கள். ஆளுக்கொரு கணக்கு சொல்வார்கள், ஏழு வருடம் ஓட்டியவர்களையும் எனக்குத் தெரியும். டெக்சாஸ், அரிசோனா வெயிலில் நிற்கும் வண்டிக்கு என் முடிவு இது: மூன்று வருடம் வரை கவலை வேண்டாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு சீசனுக்கும் முன் சக்கரத்தைக் கழற்றி உள்பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஐந்து முடிந்தால் பட்டன் எப்படி இருந்தாலும் மாற்ற வேண்டும். புடைப்போ, நூல் தெரியும் வெட்டோ இருந்தால் வயதே பார்க்க வேண்டாம், அன்றைக்கே கழற்றுங்கள். இரட்டை அச்சில் ஒரு டயர் வெடித்தால், அதே பக்கத்து இன்னொரு டயர் அந்த நேரம் இரண்டு மடங்கு பாரம் சுமந்திருக்கும், அதையும் சேர்த்து மாற்றுங்கள். ஸ்டெப்னிக்கும் வயது உண்டு, பலரும் மறப்பது அதைத்தான்.

மறுபடி டயர் வாங்கியபோது நான் செய்ததைச் சொல்கிறேன். போனிலேயே நான்கு டயரின் தேதி எண்ணையும் படித்துக் காட்டச் சொன்னேன். ஒரு கடைக்காரர் எரிச்சல்பட்டார், அடுத்த கடைக்காரர் ஒரு நிமிடம் பொறுங்கள் என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அவரிடமே வாங்கினேன். ரிம்மில் ஏற்றும் முன் ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்தேன், தேதி வெளியே தெரிய மாட்டச் சொன்னேன், பில்லில் எண்ணை எழுதி வாங்கினேன். டயரைப் பதிவு செய்யும் படிவத்தையும் கேட்டு வாங்குங்கள். விற்கும் கடை அதைக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் தானே பதிவு செய்ய வேண்டும் என்பது மத்திய விதி. டயர் திரும்பப் பெறப்பட்டால் உங்களுக்குத் தகவல் வருவது அதன் வழியாகத்தான். அதில் முழு அடையாள எண்ணையும் எழுத வேண்டியிருப்பதால் பழசை மறைக்க முடியாது. முதல் கடையில் அந்தப் படிவத்தைக் கண்ணிலேயே காட்டவில்லை.

வால்வையும் பாருங்கள். சாதாரண ரப்பர் வால்வு 65 பி.எஸ்.ஐ. வரைதான் தாங்கும், லோடு ரேஞ்ச் இ டயருக்கு 80 வரை அடிக்க வேண்டியிருப்பதால் உலோக வால்வு வேண்டும். அப்புறம் சக்கரத்தைக் கழற்றி மாட்டிய பிறகு 10, 25, 50 மைலில் நட்டுகளை டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) மறுபடி இறுக்குங்கள்.

டல்லாஸின் வடக்குப் பகுதியில் 2024 வசந்த காலத்தில் 15 அங்குல டிரெய்லர் டயர் மாற்றியவர்கள், வெளிப்பக்கத்தில் நான்கு இலக்கத் தேதி தெரியவில்லை என்றால், அடுத்த பயணத்துக்கு முன் டார்ச்சோடு வண்டிக்கு அடியில் போய்ப் பாருங்கள். 3119 என்று இருந்தால் கழற்றி வீசிவிடாதீர்கள், தனிச் செய்தியில் எனக்கு எழுதுங்கள். என் அறிவிப்புக் கடிதத்தின் நகலை அனுப்புகிறேன், அதில் உங்கள் விவரத்தைப் போட்டு அப்படியே பயன்படுத்தலாம்.