ரசாயன ஆயுத டிடெக்டரோட 7 வருஷம், சிங்கப்பூர் காத்துல

நான் ஜூரோங் ஐலண்ட் பக்கம் ஒரு ரசாயன ஆலையோட அவசர உதவி டீம்ல இருக்கேன், அதுக்கு முன்னாடி என்எஸ், அதாவது கட்டாய தேசிய சேவை செஞ்சதும் எஸ்சிடிஎஃப்ங்கற சிங்கப்பூர் குடிமைத் தற்காப்புப் படையிலதான். ஆலைக்கு எதுக்குங்க போர் ரசாயனம் கண்டுபிடிக்கற மெஷின்னு நெறைய பேர் கேக்கறாங்க. பாஸ்ஜீன், ஹைட்ரஜன் சயனைட், குளோரின் இதெல்லாம் முதல் உலகப் போர்ல ஆளுங்கள கொல்ல பயன்படுத்துனதுதான், இன்னிக்கும் தொழிற்சாலைகள்ல புழங்குது. அதனால சரின் மாதிரி நரம்பு விஷம், மஸ்டர்ட் மாதிரி கொப்புள விஷம் பிடிக்கற அதே கையடக்க மெஷின்ல இந்த வாயுக்களுக்கும் ஒரு மோட் இருக்கும். 7 வருஷமா எங்க வண்டியில இருக்கறது ஒரு ஐஎம்எஸ் டிடெக்டர், ஒரு ஃப்ளேம் போட்டோமீட்டர், திரவத் துளி பட்டா நிறம் மாறற எம்8 பேப்பர், நிறத்த வெச்சு விஷம் சோதிக்கற எம்256 கிட், அப்புறம் காத்துல கலந்த ரசாயன ஆவிய அளக்கற பிஐடி. பிராண்ட் பேர் சொல்லல, எந்த கம்பெனி வாங்குனாலும் இந்த ஊர்ல பிரச்சன ஒண்ணுதான்.

பிரச்சன ஈரப்பதம். ஐஎம்எஸ் என்ன செய்யுதுன்னா காத்த உறிஞ்சி மூலக்கூறுகளுக்கு மின்னூட்டம் கொடுத்து ஒரு சின்ன குழாய்ல ஓட விடும், எது எவ்வளவு நேரத்துல வந்து சேருதுன்னு பாத்து அடையாளம் சொல்லும். அந்தக் குழாய்க்குள்ள காத்து காஞ்சு இருக்கணும், அதுக்குத்தான் உள்ள ஈரம் உறிஞ்சற சீவ் பேக் வெச்சிருக்காங்க. குளிர் நாட்டுல எழுதுன மேனுவல்ல போட்டிருக்கற கணக்குப்படி அந்த பேக்க மாத்தலாம்னு நம்பி உக்காந்திருந்தோம், இங்க அதுல பாதி நாள் கூட வரல. மெஷின் தானா எச்சரிக்க காட்டற வரைக்கும் காத்திருக்காம முன்கூட்டியே மாத்தற பழக்கத்துக்கு இப்ப வந்துட்டோம்.

இன்னொண்ணு, ஏர்கான் ஸ்டோர்ல இருந்து எடுத்து நேரா வெளிய வெயில்ல கொண்டு போனீங்கன்னா காத்து உள்ள போற வாய்லயே தண்ணி கோத்துக்கும். முதல் வருஷம் ஒரு ட்ரில்ல இதனால மெஷின் கெட்டுப்போச்சுன்னு நெனச்சு பதறிட்டோம். இப்பல்லாம் ஸ்டோர் ஏர்கான்ல வெக்கறதே இல்ல, வண்டியிலயே நிழலா காத்தோட்டமா ஒரு பெட்டி. பிஐடியும் இதே கததான், ஈரம் ஜாஸ்தியானா ரீடிங் குறைச்சு காட்டும். ஆபத்து இருக்கும்போது கம்மியா காட்டற கருவிதான் ரொம்ப பயப்பட வேண்டியது.

முன்ன இருந்த பழைய ஐஎம்எஸ் மெஷின்ல நிக்கல்-63 கதிரியக்க மூலம் இருந்துச்சு, அதுக்கு லைசன்ஸ், கசிவு டெஸ்ட்னு தனி பேப்பர் வேல. இப்ப இருக்கறது மின்சாரத்தாலயே அயனி உண்டாக்கற ரகம், அந்தத் தலவலி இல்ல. புதுசா வாங்கறவங்க இத முதல்ல கேளுங்க.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். போன வருஷம் எங்க ஏரியாவுக்குள்ள இருக்கற கிடங்குல ஏதோ காரமான வாட, கண்ணு எரியுதுன்னு கூப்பிட்டாங்க. ஆளுங்கள காத்து வர்ற பக்கமா வெளிய ஏத்தி, 995க்கு சொல்லிட்டு, சூட் போட்டு நானும் தம்பி ஒருத்தனும் உள்ள போனோம். முதல்ல ஆக்ஸிஜனும் எரிவாயு அளவும் பாத்தோம், அது சரி. ஐஎம்எஸ்ஸ கொண்டு போனா எச் சேனல்ல, அதாவது கொப்புளம் உண்டாக்கற மஸ்டர்ட் வகை, ரெண்டு பார் ஏறி நிக்குது. தம்பி குரலே மாறிடுச்சு, "அண்ணே, எச் காட்டுதுண்ணே". எனக்கும் நெஞ்சு அடிச்சுக்குச்சு, பொய் சொல்லல. உடனே ஃப்ளேம் போட்டோமீட்டர கிட்ட வெச்சோம். அது ஹைட்ரஜன் தீயில காத்த எரிச்சு பாஸ்பரஸ், கந்தகம் வெளியிடற வெளிச்சத்த பாக்கும். வழக்கமான மஸ்டர்ட்ல கந்தகம் கட்டாயம் இருக்கணும். ஆனா கந்தகம் சுத்தமா பூஜ்யம். எம்8 பேப்பர ஈரமா இருந்த அட்டையில ஒட்டிப் பாத்தோம், மஸ்டர்ட்டுக்கு வர்ற சிவப்பு வரல. இருந்தும் கிடங்கச் சுத்தி கட்டுன தடுப்புக் கயித்த எடுக்கல.

வெளிய வந்து ஆளுங்ககிட்ட தமிழ்ல விசாரிச்சப்பதான் ஒரு அண்ணன் தயங்கித் தயங்கி சொன்னாரு, ஊருக்கு அனுப்ப வாங்கி வெச்ச கோடாலித் தைலம் ஒரு டஜன், அட்டப்பெட்டியோட கீழ விழுந்து உடஞ்சிருச்சுன்னு. வேல போயிடுமோன்னு பயந்து முன்னாடி சொல்லல. மெத்தில் சாலிசிலேட், அதான் தைலத்துல அந்த வாட கொடுக்கறது, அத மஸ்டர்ட்டுக்கு பதிலா பயிற்சியில பயன்படுத்தறதே வழக்கம். ஐஎம்எஸ்ல ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே நேரத்துல வந்து சேரும். அதனால மெஷின் பொய் சொன்னதா நான் எடுத்துக்கல, அதுக்கு தெரிஞ்சத அது சொல்லுச்சு. தைலத்துல கந்தகமே கிடையாது, அதனாலதான் ரெண்டாவது மெஷின் காப்பாத்துச்சு. வேற வேற தத்துவத்துல வேல செய்யற ரெண்டு கருவி வேணும்னு நான் அடிச்சு சொல்றதுக்கு காரணம் இதுதான், ஒரே ரகத்துல ரெண்டு வாங்கி வெச்சா ரெண்டும் ஒரே தப்பத்தான் செய்யும்.

1995 மார்ச் 20 டோக்கியோ சப்வேல இது தலகீழா நடந்துச்சு. தீயணைப்புத் துறைக்கு முதல்ல கிடைச்ச முடிவு அசிட்டோநைட்ரைல். அது ஒரு கரைப்பான், ஆனா ஆளக் கொன்னது அது இல்ல. அது சரின்தான்னு போலீஸ் அறிவிக்க ஏறக்குறைய 3 மணி நேரம் ஆச்சு. இத புது ஆளுங்களுக்கு ஒவ்வொரு தடவையும் சொல்லுவேன்.

ஃப்ளேம் போட்டோமீட்டருக்கும் குற இருக்கு. கந்தகம் எங்கிருந்து வந்தாலும் காட்டும், கேண்டீன் பின்னாடி டுரியான் ஓடு அழுகிட்டு இருந்த தொட்டி கிட்ட கூட பார் ஏறுச்சு. பூச்சிமருந்துல பாஸ்பரஸ் இருந்தா அதுக்கும் கத்தும். ஹைட்ரஜன் குடுவை ஒரு ஷிஃப்ட் அளவுக்குத்தான் வரும், மாத்து கையில இல்லன்னா அவ்ளோதான். ஆனா ஒரு நல்லது, அளவுக்கு மீறி வாங்குனாலும் சீக்கிரம் தெளிஞ்சிடும். ஐஎம்எஸ்ஸ ட்ரம் வாய்ல நேரா நீட்டுனீங்கன்னா உள்ள படிஞ்சு போய் அரை மணி நேரத்துக்கு எத காட்டுனாலும் அலாரம்தான், அதனால தூரத்துல இருந்து மெல்ல மெல்ல கிட்ட கொண்டு போகணும்.

பேப்பர்தானேன்னு எம்8ஐ யாரும் அலட்சியப்படுத்தாதீங்க. சரின் தண்ணி மாதிரி ஆவியாகும், காத்துல மெஷின் பிடிச்சிடும். விஎக்ஸ்ங்கற நரம்பு விஷம் என்ஜின் ஆயில் மாதிரி, நம்ம வெயில்ல கூட ரொம்ப கம்மியாதான் ஆவியாகும், மெஷின் சும்மா இருக்கும்போதே கைப்பிடியில துளியா ஒட்டிக்கிட்டு இருக்கலாம். 2017 பிப்ரவரி 13 கோலாலம்பூர் ஏர்போர்ட்ல வட கொரியா தலைவரோட அண்ணன் கிம் ஜோங் நாம் முகத்துல தடவுனது அதுதான், நமக்கு எவ்ளோ பக்கம். பேப்பர்ல விஎக்ஸ் கரும்பச்ச, சரின் வகை மஞ்சள், மஸ்டர்ட் சிவப்பு. திரவத்துக்கு மட்டும்தான், ஆவிக்கு மாறாது. பிரேக் ஆயில், பெட்ரோல் பட்டாலும் நிறம் மாறும்னு ஞாபகம் வெச்சுக்கோங்க.

எம்256 கிட்ல புது ஆளுங்க எல்லாரும் தடுமாறற இடம், நரம்பு விஷ சோதனையில நீலப்பச்ச வந்தா நல்லது, நிறம் வரலன்னாதான் ஆபத்து. என்சைம் வேல செய்யுதான்னு பாக்கற சோதனை அது. அப்ப வெயில்ல வெச்சு என்சைம் கெட்டுப்போனாலும் ஆபத்துன்னுதான் காட்டும். கால் மணி நேரத்துக்கு மேலயும் ஆகும், தடிச்ச கையுறையோட செய்ய பொறுமை வேணும்.

எங்ககிட்ட ஒரு நோட்டு இருக்கு. எந்த இடத்துல, என்ன வாடைக்கு, எந்த மெஷின் என்ன காட்டுச்சுன்னு 7 வருஷமா எழுதறோம். கொசு மருந்து புகை, தரை தொடைக்கற லோஷன், டீசல் புகை, டுரியான், தைலம். எந்த மேனுவல்லயும் இல்லாதது இது, எங்களுக்கு மெஷின விட இதுதான் பெரிய சொத்து. அந்த அண்ணனுக்கு வேல போகல, நானே சூப்பர்வைசர்கிட்ட பேசிட்டேன். இப்ப எங்க டெஸ்ட் பெட்டியில கம்பெனி கொடுத்த டெஸ்ட் குச்சிக்குப் பக்கத்துல ஒரு சின்ன தைல பாட்டிலும் இருக்கு, புதுசா சேர்ற ஒவ்வொருத்தருக்கும் மெஷின் கையில கொடுத்ததும் முதல்ல அந்த மூடியத்தான் திறந்து காட்டுவேன்.