ஸ்கூட்டர் வாங்கித் தருகிறேன் என்று வருபவரை நம்பாதீர்கள்: என் 6,500 ரூபாய் போன கதை

மதுரைப் பக்கம் இருக்கிற மாற்றுத்திறனாளிகளும் அவர்கள் வீட்டாரும் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். யுடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளிகளுக்கு மத்திய அரசு தருகிற அடையாள அட்டை), பெட்ரோல் ஸ்கூட்டர், மாத உதவித்தொகை எல்லாம் முடித்துத் தருகிறேன் என்று அரசு அலுவலக வாசலில் நின்று ஆள் பிடிக்கிறார்கள். அப்படி ஒருவரிடம் நான் 6,500 ரூபாயைக் கொடுத்து ஏமாந்தேன். பணம் போனதைக்கூட விட்டுவிடலாம். பதினெட்டு வருடமாகப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த பழைய அடையாள அட்டைப் புத்தகமும் அவரோடு போய்விட்டது.

ஒத்தக்கடையில் தையல் கடை வைத்திருக்கிறேன். இரண்டு வயதில் போலியோ வந்து இரண்டு காலும் போனது. காலிப்பர் மாட்டிக் கட்டை ஊன்றி நடப்பேன், தூரம் என்றால் மூன்று சக்கர சைக்கிள். போன பிப்ரவரியில் யுடிஐடி கார்டு விஷயமாக ஓர் அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. இந்த லட்சணத்தில் இருக்கிற அலுவலகம் அது ஒன்று மட்டும் இல்லை.

அங்கே சாய்தளமே இல்லை என்று சொன்னால் அது பொய். இருக்கிறது. வாசல் மட்டம் தரையிலிருந்து இரண்டரை அடி உயரம். ஒரு அடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. அதன்படி முப்பது அடி வந்திருக்க வேண்டும். எந்நேரமும் கழுத்தில் டேப் தொங்குகிற தொழில், சும்மா இருக்க முடியவில்லை. டீ கொண்டுவந்த பையனை ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி அளந்தேன். ஒன்பது அடி. சறுக்குமரம் என்றுதான் சொல்ல வேண்டும். அதிலும் பாதி இடத்தில் பைக் நின்றது. எப்படியோ ஏறி உள்ளே போனால், நான் பார்க்க வேண்டியவர் மாடியில் இருக்கிறார் என்றார்கள். லிஃப்ட் கிடையாது, இருபத்திரண்டு படி.

அந்தப் படிக்கட்டின் அடியில்தான் அவர் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, கையில் ஃபைல். அவருக்கும் ஒரு கால் கொஞ்சம் சூம்பியிருந்தது. நான் ஏமாந்ததற்குப் பாதிக் காரணம் அந்தக் கால்தான்.

"ஏண்ணே இம்புட்டு சிரமப்படுறீங்க? நீங்க இங்கனயே உக்காருங்க, நான் மேல போய் முடிச்சுட்டு வந்துர்றேன். நமக்கு நாமதானண்ணே."

வேறு யார் சொல்லியிருந்தாலும் யோசித்திருப்பேன். கால் சரியில்லாத ஒருவர் எனக்காகப் படி ஏறுகிறேன் என்கிறார். மறுக்க மனம் வரவில்லை. ஆதார் நகல், ஃபோட்டோ, பழைய புத்தகம் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தேன். விண்ணப்பத்துக்கு 500 ரூபாய் என்றார், கொடுத்தேன். யுடிஐடிக்கு விண்ணப்பிக்க ஒரு பைசா கட்டணம் கிடையாது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. அரை மணி நேரம் கழித்து இறங்கி வந்தவர், "எல்லாம் பேசியாச்சு" என்றார். மேலே அவர் யாரையும் பார்த்திருக்கவே மாட்டார் என்று இப்போது தோன்றுகிறது. மாடியில் காற்றாட நின்றுவிட்டுக்கூட இறங்கியிருக்கலாம்.

அடுத்த வாரம் கடைக்கே வந்தார். டாக்டர் செலவு என்று 2,000 ரூபாய். மார்ச்சில் ஃபோன் செய்து, ஸ்கூட்டருக்குப் பெயர் சேர்க்க, ஆர்டிஓ ஆபீஸ் செலவுக்கு என்று 4,000 கேட்டார். இரண்டு காலும் பாதிக்கப்பட்டவர்களுக்கு இணைப்புச் சக்கரம் பொருத்திய அந்த ஸ்கூட்டரை அரசு இலவசமாகத்தான் கொடுக்கிறது. ஆனால் சைக்கிளைக் கையால் மிதித்து மிதித்துத் தோள் பட்டை விட்டுப்போன ஒருவனிடம் ஸ்கூட்டர் என்று சொன்னால், அவன் எங்கே கணக்குப் பார்ப்பான்? கூகுள் பேயில் அனுப்பிவிட்டேன்.

ஏப்ரலில் லேமினேட் செய்த கார்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். மஞ்சள் நிறம், என் படம், கியூஆர் கோடு எல்லாம் இருந்தன. ஊனம் 85 சதவீதம் என்று போட்டிருந்தது. என் பழைய புத்தகத்தில் 75தான். கேட்டதற்கு, "85 போட்டாத்தான்ணே ஸ்கூட்டர் சீக்கிரம் வரும்" என்றார். தப்பு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டேன். இதை எழுதாமல் விட்டால் நான் ஏதோ பச்சைக் குழந்தை மாதிரி ஆகிவிடும்.

அப்புறம் ஒரு முகாமில் அந்தக் கார்டை நீட்டினேன். மேசையில் இருந்த அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத எங்கண்ணே வாங்குனீங்க?" என்றார். யுடிஐடி எண்ணில் 18 எழுத்தும் இலக்கமும் இருக்கும். என் கார்டில் 17. இன்னொன்று, 40 முதல் 79 சதவீதம் வரைதான் மஞ்சள். 80 முதல் நீலம், 40க்குக் கீழே வெள்ளை. 85 சதவீதத்துக்கு மஞ்சள் கார்டு அடித்திருக்கிறான் மடையன். கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் எதுவும் வரவில்லை.

அவர் சத்தம் போடவில்லை. பக்கத்தில் உட்காரச் சொல்லி, மெதுவாகத்தான் சொன்னார். ஊனமுற்றவர்களுக்கான சலுகையை மோசடியாகப் பெற முயன்றாலே 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 91ஆவது பிரிவில் இரண்டு வருடம் வரை சிறையோ, ஒரு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். எனக்கு வியர்த்துவிட்டது. என்னை ஏமாற்றியவன் நிம்மதியாகத் திரிய, அந்தக் கார்டோடு நான் மாட்டியிருப்பேன்.

அதைவிட மோசமான ஒன்றையும் அவர்தான் கண்டுபிடித்தார். என் ஆதாரில் நிஜமாகவே ஒரு விண்ணப்பம் பதிவாகியிருக்கிறது. ஆனால் மொபைல் எண் அந்த ஆளுடையது. மருத்துவப் பரிசோதனைக்கு வரச் சொல்லி வந்த செய்தி, ஓடிபி எல்லாமே அவர் ஃபோனுக்குப் போயிருக்கின்றன. எனக்குக் கொடுத்த தேதி முடிந்தே ஒரு மாதம் ஆகியிருந்தது. உங்களுக்காக யார் விண்ணப்பம் போட்டாலும், அது சொந்தத் தம்பியாகவே இருந்தாலும், உங்கள் கையில் இருக்கிற ஃபோன் எண்ணைத்தான் பதிய வேண்டும். மற்றதில் தவறு நடந்தால் திருத்திக்கொள்ளலாம். எண் அவர்களுடையதாக இருந்தால் விஷயமே உங்களுக்கு வந்து சேராது.

அந்த அம்மாவே எண்ணை மாற்ற வழி செய்து கொடுத்தார். பரிசோதனைக்குப் போய், ஒழுங்கான கார்டு இப்போது கைக்கு வந்துவிட்டது. மஞ்சள், 75 சதவீதம். ஆன செலவு ஆட்டோவுக்கு மட்டும்.

போலீஸிலும் புகார் கொடுத்தேன். ஸ்டேஷனுக்கு ஐந்து படி. வாசலிலிருந்து குரல் கொடுத்தேன். ஏட்டு ஒருவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்து, வேப்பமரத்தடியில் வைத்தே எழுதி வாங்கி, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு சிஎஸ்ஆர் ரசீதும் கொடுத்தார். நல்ல மனுஷன். ஆனால் படி ஐந்தும் அப்படியேதான் இருக்கிறது. கூகுள் பே ரசீது இருந்ததால் 4,000 ரூபாய்க்காவது ஆதாரம் இருக்கிறது. கையில் கொடுத்த 2,500க்கு எதுவும் இல்லை. பணம் போனவுடனே தெரிந்துகொண்டவர்கள் 1930க்கு, அதாவது ஆன்லைன் பண மோசடிக்கான உதவி எண்ணுக்கு, அடியுங்கள். நான் இரண்டு மாதம் கழித்துத்தான் முழித்தேன்.

ஹைகோர்ட் கிளை பக்கம் என்பதால் கறுப்புக் கோட்டை அளவு சரிசெய்யக் கொண்டுவரும் வக்கீல்கள் எனக்கு வாடிக்கை. அவர்களில் ஒருவரிடம் இந்தக் கதையைச் சொன்னபோது, ஏமாற்றியவனைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை, அந்த ஒன்பது அடியைப் பற்றித்தான் கேட்டார். அந்த 2016 சட்டத்துக்கு 2017 ஜூனில் விதிகள் வந்தன. ஏற்கெனவே இருக்கிற பொதுக் கட்டடங்களை ஐந்து வருடத்துக்குள் எல்லோரும் புழங்கும்படி மாற்ற வேண்டும் என்பது சட்டம். கெடு 2022லேயே முடிந்துவிட்டது. பார்வையற்றவரான ராஜீவ் ரத்தூரி என்பவர் 2005ல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட வழக்கில் 2024 நவம்பரில் ஒரு தீர்ப்பு வந்திருக்கிறது. அந்த 2017 விதிகளில் வெறும் யோசனை மாதிரி எழுதி வைத்திருந்த விதி செல்லாது, கட்டாயத் தரங்களை மூன்று மாதத்தில் வகுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். வக்கீல் சொல்லச் சொல்ல எனக்கு அந்த வெள்ளைச் சட்டைக்காரர்தான் ஞாபகத்துக்கு வந்தார். நான் பார்க்க வேண்டிய மேசை கீழ்த்தளத்தில் இருந்திருந்தால் அவருக்கு அங்கே என்ன வேலை? என்னைப் பிடித்துக் கொடுத்தது அந்த இருபத்திரண்டு படிதான். மேசையைக் கீழே கொண்டுவர வேண்டும், சாய்தளத்தை முப்பது அடிக்கு நீட்ட வேண்டும் என்று மனு எழுதித் திங்கள்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்திருக்கிறேன். அளவுகளையும் எழுதியிருக்கிறேன், அங்குலம் பிசகாமல்.

யுடிஐடி விண்ணப்பத்தைச் செல்போனிலேயே போடலாம். ஸ்வாவலம்பன் கார்டு என்கிற அரசு இணையதளம், ஃபோட்டோ, ஆதார், உங்கள் சொந்த எண் இருந்தால் போதும். அசலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். ஒத்தக்கடைப் பக்கம் இருந்து, போடத் தெரியவில்லை என்றால் என் கடைக்கு வாருங்கள், நான் போட்டுத் தருகிறேன். மதியம் சாப்பாட்டு நேரம் மட்டும் வேண்டாம். கடை வாசலில் படி கிடையாது, வண்டியோடு உள்ளே வரலாம்.