ஹாஸ்டலா, காலேஜ் பஸ்ஸா, வெளியே ரூமா?

பொறியியல் கலந்தாய்வில் இடம் உறுதியானதும் வீட்டில் கிளம்பும் அடுத்த வாக்குவாதம் இதுதான். "நாப்பது கிலோமீட்டர்தானே, போயிட்டு வரட்டும்" என்று ஒருவர் ஆரம்பிப்பார். கிலோமீட்டரை விடுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். வீட்டு வாசலிலிருந்து வகுப்பு வரை ஒரு வழிக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் என்றால் நாளுக்கு மூன்றரை மணி. 90 வேலை நாள் கொண்ட செமஸ்டருக்கு 315 மணி நேரம் பஸ் சீட்டிலேயே போய்விடும்.

காலேஜ் பஸ்ஸில் உங்கள் நிறுத்தம் எத்தனையாவது என்று கேளுங்கள். முதல் நிறுத்தத்தில் ஏறுகிற பிள்ளைதான் காலையில் முதலில் எழுந்து மாலையில் கடைசியாக இறங்கும். வகுப்பு முடிந்ததும் பஸ் கிளம்பிவிடும். அதற்குப் பிறகு நடக்கும் பிளேஸ்மென்ட் பயிற்சி, கிளப், சிம்போசியம் வேலை எல்லாம் கைவிட்டுப் போகும். இரண்டாவது டிரிப் உண்டா, எத்தனை மணிக்கு என்பதைப் பணம் கட்டும் முன் கேட்பது நல்லது. செங்கல்பட்டு–கடற்கரை மின்சார ரயில் மாதிரி நேரம் தெரிந்த வண்டி இருந்தால் கணக்கு மாறும், சீசன் டிக்கெட்டும் மலிவு.

எங்கள் அளவுகோல்: ஒரு வழி ஒன்றேகால் மணிக்குள் என்றால் வீட்டிலிருந்தே போகலாம்; ஒன்றரையைத் தாண்டினால் ஹாஸ்டல். நடுவில் இருப்பவர்கள் பிள்ளையின் தூக்கத்தைப் பார்த்து முடிவெடுக்கட்டும்.

ஹாஸ்டலில் பெற்றோர் கோட்டைவிடுவது மெஸ் பில்லில்தான். 'டிவைடிங் சிஸ்டம்' என்றால் மாதச் செலவை, எல்லா மாணவர்களும் சாப்பிட்ட நாட்களைக் கூட்டி வரும் எண்ணால் வகுப்பார்கள். உதாரணமாக, செலவு 12 லட்சம், சாப்பிட்ட நாட்கள் 10,000 என்றால் ஒரு நாளுக்கு ₹120. 26 நாள் இருந்த பிள்ளைக்கு ₹3,120. தீபாவளி, பொங்கல் மாதத்தில் பாதிப் பேர் ஊருக்குப் போனாலும் சமையல்காரர் சம்பளம் குறையாது, அதனால் நாள் விகிதம் ஏறும். எத்தனை நாள் தொடர்ந்து இல்லாவிட்டால் மெஸ் பில்லில் கழித்துக்கொள்வார்கள், எத்தனை நாள் முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மெஸ் பணத்தை ஆண்டுக்கு மொத்தமாக வாங்கும் கல்லூரிகளில் இந்தக் கழிவு பெரும்பாலும் இருக்காது.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து 7.5% ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்குக் கல்விக் கட்டணத்தோடு ஹாஸ்டல் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இது தெரியாமல் தினமும் பஸ்ஸில் அலைவது வீண்.

பெண்கள் ஹாஸ்டலைப் பல இடங்களில் ஆறரைக்கே பூட்டிவிடுகிறார்கள், பையன்களுக்குக் கூடுதல் நேரம். பாதுகாப்பு என்கிறார்கள், நூலகம் எட்டு மணி வரை திறந்திருப்பது அப்புறம் யாருக்காக? இரவு ஆய்வகத்துக்கும் நூலகத்துக்கும் அனுமதி கிடைக்குமா என்று வார்டனிடமே கேளுங்கள். ராகிங் பயம் இருந்தால், முதலாண்டுக்குத் தனி பிளாக் உண்டா என்று பாருங்கள். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522 பிள்ளையின் போனில் இருக்கட்டும்.

வெளியே ரூம் அல்லது பிஜி (பணம் கட்டித் தங்கும் தனியார் விடுதி) முதலாண்டுக்கு வேண்டாம். பதினேழு வயதில் சேரும் பிள்ளை வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட முடியாது, பெற்றோர்தான் போட வேண்டும். சீனியர் நோட்ஸ், பரீட்சைக்கு முந்தின இரவு கூடிப் படிப்பது, இன்டர்னல் தேதி மாறிய செய்தி எல்லாம் ஹாஸ்டல் வராண்டாவில்தான் கிடைக்கும். மூன்றாம் ஆண்டில், நம்பிக்கையான நாலு பேர் சேர்ந்தபின் வெளியே போனால் செலவு குறையவும் வாய்ப்புண்டு. அட்வான்ஸில் பராமரிப்புக்கு எவ்வளவு பிடிப்பார்கள், ஏசி கரண்டுக்குத் தனி மீட்டரா, ஞாயிறு இரவு சாப்பாடு உண்டா என்பவை முக்கியம். பெண்கள் தங்கும் இடம் என்றால் பெண்கள், குழந்தைகள் விடுதிகளுக்கான 2014 தமிழ்நாடு சட்டப்படி பெற்ற உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் அடுத்த இடத்தைப் பாருங்கள்.

சேர்க்கை நாளில் காட்டுவது பெயின்ட் அடித்த அறை. முடிந்தால் ஒரு ஞாயிறு மாலை ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள்: ஒரு தளத்துக்கு எத்தனை குளியலறை, குழாயில் தண்ணீர் வருகிறதா, தட்டில் என்ன இருக்கிறது. கட்டிய பணத்தில் எது திரும்பும், எது திரும்பாது என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். நடுவில் ஹாஸ்டலை விட்டால் பெரும்பாலும் காவு போவது அறை வாடகைதான்.