ட்ரிக்ஸிய ஃப்ரீஸ்லயே புடிச்சு ரிலீஸ் வரைக்கும் ஓட்டிப் பாத்தேன்: டெபியன் 13 ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேன், வால்பேப்பர் எப்படி இருக்கு ஐகான் வட்டமா சதுரமான்னு பாக்கறவங்களுக்கு இந்த ரிவ்யூ ஒத்து வராது, அதுக்கு யூட்யூப்ல வீடியோ கொட்டிக் கிடக்கு. நான் மே மாசம் நடுவுல, ஹார்ட் ஃப்ரீஸ் (ரிலீசுக்கு முன்னாடி மாத்தறதுக்கு கெடுபிடி போடற கட்டம்) ஆரம்பிச்ச அதே வாரத்துல, ட்ரிக்ஸி (டெபியன்ங்கற லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தோட 13வது வெர்ஷனுக்கு வச்ச பேரு) இன்னும் "டெஸ்டிங்"னு இருந்தப்பவே, பரண்ல கிடந்த ஒரு 4 ஜிபி ரேம் லேப்டாப்ல ஏத்தி, 2025 ஆகஸ்ட் 9 அன்னிக்கு ஸ்டேபிள்னு அறிவிக்கிற வரைக்கும் காலைல காபி குடிக்கிற நேரத்துல தினமும் அப்டேட் போட்டு என்ன மாறுது என்ன மாறலன்னு பாத்துட்டே இருந்தேன். ஒரு சாஃப்ட்வேரை பீட்டால இருந்து ஃபைனலுக்கு எப்படி கொண்டு போறாங்கன்னு கிட்ட இருந்து பாக்கணும்னு ஒரு வெறி.

வெறி ஏன் வந்துச்சுன்னா, மளிகைக் கடை, பாத்திரக் கடைன்னு ஒரு முப்பது சொச்சம் கடைக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக் குடுத்து பாத்துக்கறது தான் என் பொழப்பு. பைத்தான்ல எழுதினது, எல்லா கடைலயும் டெபியன் மேல ஓடுது. 2024 தீபாவளிக்கு முந்தின வாரம், ரெண்டு கடைல ஒரு மாசம் ஓட்டிப் பாத்தாச்சு பீட்டா முடிஞ்சுதுன்னு நானா முடிவு பண்ணி பென்டிரைவ எடுத்துட்டு கிளம்பினேன். கிளம்பறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி கை சும்மா இருக்கல, பில்லுல தள்ளுபடி வர்ற கட்டத்தை கொஞ்சம் வலது பக்கம் தள்ளினா பாக்க நல்லா இருக்கும்னு தள்ளினேன், அவ்ளோ தான். தெர்மல் பிரிண்டர்ல மொத்தத் தொகை பாதி வெட்டி அடுத்த வரிக்குப் போயிடுச்சு. கடை வாசல் வரைக்கும் கூட்டம். அண்ணாச்சி திட்டியிருந்தா கூட பரவால்ல, "தம்பி, புதுசா ஒண்ணும் நான் கேக்கலயே, பில்லு வந்தா போதும்னு தானே சொன்னேன்"னு மெதுவா சொல்லிட்டு மேஜைக்கு அடில இருந்து பழைய பில் புக்கை எடுத்து கையால எழுத ஆரம்பிச்சுட்டாரு. அந்த பில் புக்கை இன்னும் அவரு உள்ள வைக்கல, அது வேற விஷயம்.

சரி ட்ரிக்ஸிக்கு வருவோம். டெபியன்ல ரிலீஸ்னா ஒரு நாள் சடங்கு கிடையாது, அஞ்சு மாசம் இழுக்கற வேலை. 2025 மார்ச் 15ல முதல் கதவு மூடுது: பெரிய லைப்ரரி மாத்தறது, கம்பைலர் மாத்தறது எல்லாம் அதோட நிறுத்தம். ஏப்ரல் 15 சாஃப்ட் ஃப்ரீஸ், அதுக்கப்பறம் புது பேக்கேஜ் (ஒவ்வொரு சாஃப்ட்வேரும் ஒரு பேக்கேஜா தான் வரும்) உள்ள வர முடியாது, ஏற்கனவே வெளில தள்ளப்பட்டது திரும்பி வரவும் முடியாது, சின்ன சின்ன பிழை திருத்தம் மட்டும். மே 15 ஹார்ட் ஃப்ரீஸ், இனிமே முக்கியமான பேக்கேஜ்ல ஒரு வரி மாத்தணும்னாலும் ரிலீஸ் டீம் கிட்ட போய் பழசுக்கும் புதுசுக்கும் என்ன வித்தியாசம்னு வரிக்கு வரி காட்டி, ஏன் இது இப்ப தேவைன்னு எழுதி அனுமதி வாங்கணும். ஜூலை 27 ஃபுல் ஃப்ரீஸ், எல்லாத்துக்கும் அனுமதி. நம்ம ஆபீஸ்கள்ல இதெல்லாம் ஒரே ராத்திரில நடக்கும், அதுவும் வெள்ளிக்கிழமை ராத்திரில.

இதுல எனக்கு ரொம்ப புடிச்சது ஒரு சம்பவம். கேடிஈ பிளாஸ்மாங்கற டெஸ்க்டாப்போட 6.4 ஜூன்ல வெளியாச்சு. ட்ரிக்ஸில இருந்தது 6.3. ரிலீசுக்கு இன்னும் ஒன்றரை மாசத்துக்கு மேல இருக்கு, மத்த லினக்ஸ் டிஸ்ட்ரோக்காரங்க எல்லாம் 6.4 ஸ்க்ரீன்ஷாட் போட்டு அலப்பறை பண்றாங்க, இவங்க அசையவே இல்ல, 6.3லயே ரிலீஸ் பண்ணாங்க. நானா இருந்தா கண்டிப்பா சபலப்பட்டிருப்பேன். "பழைய சரக்கு"ன்னு டெபியனை கிண்டல் பண்றவங்க உண்டு, நானும் பண்ணிருக்கேன், ஆனா அந்த மூணு மாசம் தினமும் அப்டேட் லிஸ்ட் பாத்தா தெரியும், ஆரம்பத்துல நூறு பேக்கேஜ் வரும், அப்பறம் முப்பது, அப்பறம் ஏழெட்டு, கடைசில சில நாள் ஒண்ணுமே வராது. ஒரு சிஸ்டம் அடங்கறத அவ்ளோ தெளிவா நான் பாத்ததே இல்ல, கொதிச்ச சாம்பார இறக்கி வச்சா அடங்குமே அப்படி.

ஃப்ரீஸ் இல்லாத காலத்துலயும் ஒரு ஒழுங்கு இருக்கு. புதுசா எது வந்தாலும் முதல்ல அன்ஸ்டேபிள்ல விழும், அதுக்கு நிரந்தரப் பேரு சிட். அங்க சில நாள் கிடக்கணும், வழக்கமா 2ல இருந்து 10 நாள், அதுக்குள்ள பெரிய பிழை ஏதும் யாரும் சொல்லலன்னா தானா டெஸ்டிங்குக்கு நகரும். பிழைலயும் தரம் இருக்கு, கிரிட்டிக்கல், கிரேவ், சீரியஸ்னு மூணு தரத்துல எது விழுந்தாலும் அது ரிலீஸை நிறுத்தற பிழை. சரி பண்ண ஆள் இல்லாம கிடந்தா அந்த பேக்கேஜையே டெஸ்டிங்ல இருந்து தானா தூக்கிடுவாங்க, கழட்டவே முடியாத முக்கிய பேக்கேஜ் மட்டும் விதிவிலக்கு. பிழைய திருத்து இல்லன்னா வெளில போ, அவ்ளோ தான் டீல். இந்த ரிலீஸ்ல மட்டும் 8,840க்கும் மேல பேக்கேஜ் போயிருக்கு, 14,100க்கும் மேல புதுசா வந்திருக்கு, மொத்தம் 69,830. இவ்ளோத்தையும் சம்பளம் குடுக்கற ஒரு கம்பெனி இல்லாம தன்னார்வலர்கள் ஒரே தேதிக்கு கொண்டு வந்து நிறுத்தறாங்கன்றத யோசிச்சா எனக்கு தலை சுத்துது.

டெஸ்டிங்னு ஒண்ணு ஏன் வேணும்னு கேக்கறவங்களுக்கு இதே ட்ரிக்ஸி சைக்கிள்லயே ஒரு பதில் இருக்கு. 2024 மார்ச் கடைசில எக்ஸ்இசட்ங்கற கம்ப்ரஷன் லைப்ரரி விவகாரம் வெடிச்சுதுல்ல, ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட்னு ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் டெவலப்பர், சிட் ஓடற அவரு மெஷின்ல எஸ்எஸ்ஹெச் லாகின் (வேற மெஷின்ல இருந்து உள்ள நுழையறது) அரை நொடி லேட் ஆகுதேன்னு நோண்டப் போய், அந்த லைப்ரரியோட 5.6.0, 5.6.1 ரெண்டுலயும் யாரோ திருட்டுக் கதவு வச்சிருக்கறத கண்டுபுடிச்சாரு. அரை நொடிங்க, நம்ம கடைல பில் அடிக்க மூணு நொடி ஆனாலும் எவனும் கேக்க மாட்டான். அந்த பேக்கேஜ் டெபியன் டெஸ்டிங் வரைக்கும் வந்துடுச்சு, ஸ்டேபிளுக்கு வரல. டெபியன வச்சு செய்யற உபுண்டுவோட 24.04 பீட்டாவ அதுக்காகவே ஒரு வாரம் தள்ளி வச்சாங்க. பீட்டான்னா வெறும் பட்டன் வேலை செய்யுதான்னு பாக்கறது தான்னு நெனச்சிட்டு இருந்த எனக்கு அது ஒரு நல்ல அடி.

அதுக்காக ஸ்டேபிள்னா தெய்வ வாக்குன்னும் நெனக்க வேணாம். 2023 டிசம்பர் 9 அன்னிக்கு டெபியன் 12.3 வர வேண்டிய நாள், அந்த கர்னல்ல ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்துல டேட்டா கெட்டுப் போற பிழை இருக்குன்னு தெரிஞ்சதும் இமேஜ் வெளியிடறத அப்படியே நிறுத்திட்டு, மறுநாளே 12.4ன்னு விட்டாங்க. தப்பு நடந்துச்சு, ஆனா அத மறைக்காம, 12.3ஐ யாரும் தொடாதீங்கன்னு அவங்களே சொன்னாங்க. இதுக்கும் முன்னாடி, 1995ல ஒரு சிடி கம்பெனி பாதி வெந்த டெவலப்மென்ட் வெர்ஷன எடுத்து "டெபியன் 1.0"ன்னு சிடில போட்டு வித்துடுச்சு, அதனால டெபியன்ல 1.0ன்னு ஒரு ரிலீசே கிடையாது, 1996ல நேரா 1.1. சூடு கண்ட பூனைங்க இவங்க, ஃப்ரீஸ் விஷயத்துல இவ்ளோ கறாரா இருக்கறதுல ஆச்சரியம் இல்ல.

இனி நானா பட்டது. லேப்டாப்ல ட்ரிக்ஸி ஏத்தின ரெண்டாம் நாளே என் பில்லிங் ஓடல. டெபியன் மேல தப்பில்ல, பைத்தான் 3.11ல இருந்து 3.13 ஆயிடுச்சு, 3.13ல சிஜிஐ மாட்யூல் உட்பட 19 பழைய மாட்யூல தூக்கிட்டாங்க, பல வருஷமா சொல்லிட்டு தான் இருந்தாங்க, நான் தான் அந்த எச்சரிக்கைய ஸ்க்ரீன்ல வராம அமுக்கி வச்சிருந்தேன். மே மாசமே தெரிஞ்சதால ஆற அமர மாத்தினேன், இல்லன்னா மறுபடி ஒரு தீபாவளி, மறுபடி ஒரு பில் புக்.

ரெண்டாவது அடி சுவாரசியமானது. டெம்ப் ஃபோல்டர் இப்ப டிஸ்க்ல இல்லாம ரேம்ல உக்காருது, அதுவும் ரேம்ல பாதி வரைக்கும் தான். என் சாஃப்ட்வேர் வருஷக் கணக்கு பேக்கப்ப முதல்ல டெம்ப்ல ஜிப் பண்ணி அப்பறம் தான் பென்டிரைவுக்கு நகத்தும், 4 ஜிபி மெஷின்ல 2 ஜிபி தாண்டினதும் இடம் இல்லன்னு கைய விரிச்சுடுச்சு, டிஸ்க்ல 200 ஜிபி காலியா கிடக்கு, நான் ஒரு ராத்திரி முழுக்க டிஸ்க்க சந்தேகப்பட்டு செக் பண்ணிட்டு இருக்கேன். காலைல ரிலீஸ் நோட்ஸ தொறந்தா தெளிவா எழுதி வச்சிருக்காங்க, வேணாம்னா டெம்ப் மவுண்ட்ட மாஸ்க் பண்ணு (அதாவது ஓடாம தடுத்து வை), பழையபடி டிஸ்க்குக்கு போயிடும்னு. ரிலீஸ் நோட்ஸ் படிங்கப்பா, நான் படிக்காததால சொல்றேன்.

மத்தபடி டெய்லி உபயோகத்துக்கு: கர்னல் 6.12, நோம் டெஸ்க்டாப் 48, லிபரே ஆபீஸ் 25.2. பேக்கேஜ் ஏத்தி இறக்கற ஏபிடி 3.0ல எது போகுது எது வருதுன்னு சிவப்பு பச்சைல காட்டுது, சின்ன விஷயம் தான் ஆனா அவசரத்துல ஒய் அமுக்கற என்ன மாதிரி ஆளுக்கு உயிர் காக்கும். வைஃபை ஃபர்ம்வேர் டெபியன் 12ல இருந்தே இன்ஸ்டாலர்லயே வருது, பழைய தலைவலி இல்ல. தமிழ்99 கீபோர்டுக்கு ஐபஸ் எம்17என் போட்டா போதும், பில்லுல பொருள் பேர தமிழ்ல அடிக்கறேன், உடையாம வருது. 2038 ஜனவரி 19ல 32 பிட் கடிகாரம் நிரம்பி பழைய தேதிக்கு உருண்டுடும்னு சொல்வாங்கல்ல, அதுக்கான நேர மாத்தத்த ஐ386 (பழைய 32 பிட் பிசி) தவிர மத்த எல்லாத்துலயும் பண்ணி முடிச்சுட்டாங்க, அந்த பெரிய ஆபரேஷன 2024 ஆரம்பத்துலயே, ஃப்ரீசுக்கு ஒரு வருஷம் முன்னாடியே பண்ணாங்க பாருங்க, அங்க தான் புத்திசாலித்தனம்.

பிடிக்காததும் உண்டு. வெப்சைட்ல எது எங்க இருக்குன்னு கண்டுபுடிக்கறதுக்குள்ள காபி ஆறிடும். பிழை சொல்லணும்னா ஈமெயில் தான் வழி, புதுசா வர்ற பசங்க அதுலயே ஓடிடுவாங்க. ஃப்ரீஸ் மாசங்கள்ல சிட்லயும் புதுசு எதுவும் பெருசா வராம வறண்டு போயிடும். கேம் ஆடறவங்க, நேத்து வந்த கிராஃபிக்ஸ் கார்டு வாங்கினவங்க இது பக்கம் வர வேணாம், நேரத்த வீணாக்காதீங்க.

என் சாஃப்ட்வேருக்கு இதுல இருந்து சுட்டது என்னன்னா, செப்டம்பர் 1ல இருந்து எனக்கு நானே ஃப்ரீஸ் போட்டுக்கிட்டேன். புது வசதி யார் கேட்டாலும் நோட்டுல எழுதிப்பேன், கோடுல கை வைக்க மாட்டேன். பிழைய மூணா பிரிச்சேன்: காசு கணக்கு தப்பா வந்தா, பில்லு வரலன்னா, டேட்டா போனா, இந்த மூணுல ஒண்ணு இருந்தா ரிலீஸ் இல்ல, மத்ததெல்லாம் பொங்கலுக்கு அப்பறம். திருத்தற ஒவ்வொண்ணையும் என் தங்கச்சி கிட்ட காட்டி ஏன்னு விளக்கணும், அவளுக்கு கோடு தெரியாது, ஆனா "இது இப்பவே வேணுமாண்ணா?"ன்னு ஒரு கேள்வி கேப்பா பாருங்க, பாதி திருத்தத்த நானே வாபஸ் வாங்கிட்டேன்.

கடைகள்ல ட்ரிக்ஸி ஏத்த செப்டம்பர் 6ல 13.1 வர்ற வரைக்கும் காத்திருந்தேன், இதுவரைக்கும் ஒம்போது கடை முடிஞ்சுது, ஒரு கடைக்கு முக்கா மணி நேரம் ஆகுது. அண்ணாச்சி கடை மெஷின் மட்டும் பழைய 32 பிட், ட்ரிக்ஸில அதுக்கு இன்ஸ்டாலரும் கிடையாது கர்னலும் கிடையாது, அதனால அங்க டெபியன் 12லயே விட்டுட்டேன், எல்டிஎஸ்ங்கற நீண்ட கால ஆதரவுல 2028 ஜூன் வரைக்கும் ஓடும். விஷயத்த சொன்னப்ப, "அப்ப எனக்கு ஒண்ணும் மாத்தலல்ல?"ன்னு ரெண்டு தடவ கேட்டு உறுதி பண்ணிக்கிட்டாரு.